கடைமடையிலிருந்து மென்பொருள் கட்டமைப்பு ஆய்வுக்கு: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு மூன்று பேராவது என் அறைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், கம்பெனியில் ஆர்க்கிடெக்ட் ஆவதற்கும் சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்சரில் பிஎச்.டி. பண்ணுவதற்கும் என்ன வித்தியாசம்? இதைப் படித்தால் புரபசர் ஆகிவிடலாமா?" மன்னார்குடி, பேராவூரணி, சீர்காழி, வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவர்கள் பலர். யாரைக் கேட்பது என்று தெரியாமல் வருகிறார்கள். தலைஞாயிறு பக்கம் ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து நானும் அப்படித்தான் வந்தேன். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

இது என்ன வேலை

கல்லணைக்குப் போயிருப்பீர்கள். அங்கே நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. முதல் மூன்றும் பாசனத்துக்கு. மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். எங்கே பிரிப்பது, வெள்ளத்தை எந்த வழியாக விடுவது என்ற முடிவை நம்பித்தான் கீழே உள்ள அத்தனை ஆறுகளும் வாய்க்கால்களும் மதகுகளும் அமைந்திருக்கின்றன. வயல் வரப்பை ஓர் அடி நகர்த்த ஒரு காலைப்பொழுது போதும். கல்லணையில் நீர் பிரியும் விதத்தை மாற்றினால் கடைமடை வரைக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

மென்பொருளிலும் இந்த இரண்டு வகை முடிவுகளும் உண்டு. பொத்தானின் நிறத்தை மாற்றுவது வரப்பு வேலை. தரவை ஒரே இடத்தில் வைப்பதா பிரித்து வைப்பதா, ஒரு பகுதி இன்னொன்றைக் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதா, செய்தியைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பதா என்பதெல்லாம் ஆற்றுத் தலைப்பில் எடுக்கும் முடிவுகள். பின்னால் மாற்ற அதிகம் செலவாகும் இந்த முடிவுகளின் தொகுப்பைத்தான் கட்டமைப்பு, அதாவது ஆர்க்கிடெக்சர், என்கிறோம். கம்பெனி ஆர்க்கிடெக்ட் தன் சிஸ்டத்துக்கு அந்த முடிவுகளை எடுக்கிறார். ஆய்வாளர் பல சிஸ்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிறார்: இதை ஏன் இப்படிச் செய்தார்கள், ஐந்து வருடம் கழித்து அதற்கு என்ன விலை கொடுத்தார்கள், கட்டும் முன்பே அந்த விலையைக் கணிக்க வழி உண்டா? பேராசிரியருக்கு இந்த வேலையோடு, இதே கேள்விகளைக் கேட்கப் பிறரைப் பழக்கும் வேலையும் சேர்கிறது.

படம் வரைவது இதில் சின்னப் பகுதி. கட்டமும் அம்பும் வரையப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வந்தால் இரண்டாம் வருடமே சலித்துவிடும். "ஏன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் குணம் உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முதல் படி: மூலக் கட்டுரைகளைப் படிப்பது

பாடப்புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணினி அறிஞர் டேவிட் பர்னாஸ் 1972-ல் எழுதிய கட்டுரையில் ஆரம்பியுங்கள். ஆறே பக்கம். ஒரு நிரலைப் பகுதிகளாகப் பிரிக்க எதை அளவுகோலாக வைப்பது என்பதுதான் அவர் கேள்வி. வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பது ஒரு வழி. பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் ஒளித்துவைப்பது இன்னொரு வழி. ஒரே சின்ன நிரலை இரண்டு விதமாகவும் பிரித்துக் காட்டி, இரண்டாவதில் மாற்றம் செய்வது எவ்வளவு எளிது என்று விளக்குகிறார்.

இதை வகுப்பில் நான் நெல்லை வைத்து நடத்துகிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு செயலி எழுதச் சொல்வேன். எல்லோரும் பதிவு, டோக்கன், ஈரப்பதம் பார்ப்பது, எடை போடுவது, பணம் அனுப்புவது என்று வேலை நடக்கும் வரிசையிலேயே பிரித்துக்கொண்டு வருவார்கள். அப்புறம் ஒன்று சொல்வேன். ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை அடித்தால் தளர்த்துவார்கள். 2022-ல் 19 வரை அனுமதித்தார்கள். இப்போது உங்கள் நிரலில் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டும்? ஒரு குழு நான்கு கோப்புகளைத் திறந்தது. டோக்கன் பகுதியில் ஒரு 17, ஈரப்பதப் பகுதியில் ஒரு 17, கணக்கில் ஒன்று, ரசீதில் ஒன்று. மழை வந்தால் மாறும் என்று அவர்கள் வீட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த எண் அது. அதை நான்கு இடத்தில் இறைத்துவைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரு பெண் அன்று மாலையே கொள்முதல் நிலையத்துக்குப் போய், வேறு என்னென்ன மாறும் என்று பட்டியல் கேட்டுக்கொண்டு வந்தாள். கட்டமைப்பு படிக்கிறவர் செய்ய வேண்டியது அதுதான்.

அடுத்து, மெல்வின் கான்வே 1968-ல் எழுதியது. ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் வடிவமே அவர்கள் கட்டும் சிஸ்டத்தின் வடிவமாக வந்து நிற்கும் என்பது அவர் கண்டது. மனிதர்களைப் பார்க்காமல் நிரலை மட்டும் பார்த்தால் இத்துறையில் பாதிதான் தெரியும் என்பதை இது சீக்கிரமே புரியவைக்கும்.

டுவெய்ன் பெரி, அலெக்சாண்டர் உல்ஃப் இருவரும் 1992-ல் எழுதிய கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். கட்டமைப்பு என்பது உறுப்புகள், அவற்றின் வடிவம், அப்படி அமைத்ததற்கான காரணம் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்றார்கள். காரணத்தையும் கட்டமைப்பின் அங்கமாகவே சேர்த்தது பெரிய விஷயம். அரிப்பு என்ற சொல்லையும் அவர்கள்தான் இந்தத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் வகுத்த விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மீறி மீறி சிஸ்டம் உள்ளுக்குள் பலவீனமாவது அது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் பழைய அணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போனதை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அரிப்பு பாடம் எடுக்கும்போது அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். முதல் நாள் வரைக்கும் நின்றுகொண்டிருந்த அணை அது.

டேவிட் கார்லனும் அவர் சகாக்களும் 1995-ல் எழுதிய கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே தயாராக இருந்த நான்கு மென்பொருள்களை இணைத்து ஒன்று கட்டப் போனார்கள். ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தது இரண்டு வருடம் இழுத்தது. ஒவ்வொன்றும் தானே எஜமான் என்று நினைத்து எழுதப்பட்டிருந்தது. தோற்ற வேலையை நேர்மையாகப் பிரித்துப் பார்த்து எழுதியதால் அது இன்றும் படிக்கப்படுகிறது. உங்கள் ஆய்விலும் ஏதாவது தோற்கும். அப்போது இந்தக் கட்டுரையை எடுத்துப் படியுங்கள்.

இவற்றோடு ஒரு சிஸ்டத்தை ஐந்து கோணங்களில் விவரிக்க பிலிப் க்ரூட்சென் 1995-ல் சொன்ன நான்கு கூட்டல் ஒன்று பார்வைகள், மேரி ஷாவும் கார்லனும் 1996-ல் எழுதிய புத்தகம், ராய் ஃபீல்டிங் 2000-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சமர்ப்பித்த ஆய்வேடு மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வலையில் சிஸ்டங்கள் ஒன்றோடொன்று பேசும் முறையான ரெஸ்ட் என்ற பெயரும் அதன் விதிகளும் அந்த ஆய்வேட்டில்தான் வந்தன. ரெஸ்ட் பயன்படுத்துகிற நூறு பேரில் அதைத் திறந்து பார்த்தவர் ஒருவர் இருந்தாலே அதிகம். ஐந்தாம் அத்தியாயத்தையாவது படியுங்கள்.

இரண்டாவது படி: ஒன்றை இரண்டு வருடம் பராமரிப்பது

கல்லூரியில் செமஸ்டருக்கு ஒரு புராஜெக்ட் செய்து மதிப்பெண் வாங்கியதும் தூக்கிப் போட்டுவிடுகிறோம். கட்டமைப்பின் விலை தெரிவது பராமரிக்கும்போதுதான். அதனால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் நூலகத்துக்கோ, மாமாவின் உரக்கடைக்கோ, உழவர் உற்பத்தியாளர் குழுவுக்கோ ஏதாவது எழுதிக் கொடுத்து, இரண்டு வருடம் அவர்கள் கேட்கும் மாற்றங்களைச் செய்துகொண்டே இருங்கள்.

கூடவே ஒரு முடிவுக் குறிப்பேடு வையுங்கள். மைக்கேல் நைகார்ட் 2011-ல் பரிந்துரைத்த எளிய வடிவம் போதும்: சூழ்நிலை என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் என்னென்ன விளையும். ஒரு முடிவுக்கு ஒரு பக்கம். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் படித்தால் எந்தக் காரணம் சரி, எது வெறும் பழக்கத்தால் வந்தது என்று தெரியும். என்னிடம் ஆய்வுக்கு வருகிறவர்களிடம் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் இந்தக் குறிப்பேட்டைத்தான் கேட்கிறேன்.

மற்றவர்களின் காரணங்களைப் படிக்க வேண்டுமென்றால் திறந்த மூலத் திட்டங்களில் கொட்டிக் கிடக்கின்றன. பைத்தான் மொழியின் மாற்ற முன்மொழிவுகள், செய்திகளைக் கடத்தும் காஃப்கா, சர்வர்களில் செயலிகளை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் ஆகிய திட்டங்களின் முன்மொழிவுகள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. நிராகரிக்கப்பட்டவற்றை முதலில் படியுங்கள். வாதம் அங்கேதான் கூர்மையாக இருக்கும். நம் நாட்டில் உருவானதைப் பார்க்க விரும்பினால் ஐ.ஐ.ஐ.டி. பெங்களூரில் தொடங்கிய மோசிப் என்ற டிஜிட்டல் அடையாளத் தளத்தின் நிரலும் ஆவணங்களும் திறந்தே இருக்கின்றன.

மூன்றாவது படி: வேலைக்குப் போய்விட்டு வருவது

இதில் எனக்கும் சக ஆசிரியர்கள் சிலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நேராக எம்.இ., நேராக பிஎச்.டி. என்று போவது அல்காரிதம் ஆய்வுக்குச் சரி. கட்டமைப்புக்கு வருகிறவர் இரண்டு மூன்று வருடமாவது ஒரு பெரிய சிஸ்டத்துக்குள் இருந்துவிட்டு வருவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். இரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வீஸ் (சிஸ்டத்தில் தனியாக ஓடும் ஒரு பகுதி) விழுந்து, அதனோடு தொடர்பே இல்லை என்று நினைத்த மூன்று சர்வீஸ்கள் சேர்ந்து விழுவதைப் பார்த்தவர் கேட்கும் ஆய்வுக் கேள்வி வேறு மாதிரி இருக்கும். சென்னை, பெங்களூருக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. திருச்சி நவல்பட்டில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பூங்காவும் வந்துவிட்டது.

வீட்டில் பண நெருக்கடி இருந்தால் இந்த ஆண்டுகள் கடனை அடைக்கவும் உதவும். அதையும் கணக்கில் வைத்துத்தான் சொல்கிறேன்.

நான்காவது படி: தேர்வும் பணமும்

பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் கணினி அறிவியல் தாளுக்கு 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். அந்தப் பாடத்திட்டத்தில் மென்பொருள் பொறியியல் இல்லை. அதைப் பார்த்து நம் துறைக்கு மதிப்பில்லையோ என்று தயங்க வேண்டாம். கணிதம், இயங்குதளம், தரவுத்தளம், வலைப்பின்னல் இவற்றில் அடித்தளம் உறுதியாக இருந்தால்தான் கட்டமைப்பு பற்றிப் பேச முடியும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான யு.ஜி.சி. நெட் தேர்வின் கணினித் தாளில் மென்பொருள் பொறியியல் ஒரு அலகாகவே இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுங்கள்.

கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. நெட் மூலம் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியில் உயர்த்தியபடி, முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000, அதன் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. "இன்னும் எத்தனை வருடம்தான் படிக்கிறது?" என்று வீட்டில் கேட்டால் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு நான் செய்கிற ஆய்வு என்னவென்று விளக்க மூன்று வருடம் ஆனது; உதவித்தொகை வருகிறது என்று சொன்ன அன்றே நிம்மதியாகிவிட்டார்.

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை எடுக்கலாம். திருமணத்துக்குப் பிறகு முடியாது என்று நினைத்துப் பாதியில் விட்ட மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். இந்த விதி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஐந்தாவது படி: கைடைத் தேர்ந்தெடுப்பது

எல்லாப் படிகளிலும் இதுதான் பெரியது. நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து வருடம் யாரோடு பேசப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

நம் பகுதியிலேயே இடங்கள் உண்டு. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003-ல் என்.ஐ.டி. ஆன திருச்சி நிறுவனம், தஞ்சாவூர் திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா, திருச்சியில் ஐ.ஐ.ஐ.டி., பாரதிதாசன் பல்கலைக்கழகம், திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையங்களாக உள்ள கல்லூரிகள். சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ். என்ற ஆய்வுப் பட்டம் இருக்கிறது, பி.இ. முடித்துவிட்டு ஆய்வு தனக்குப் பொருந்துமா என்று பார்க்க நல்ல வழி. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் மென்பொருள் பொறியியலுக்கென்றே ஆய்வு மையம் இருக்கிறது. பன்னாட்டு மென்பொருள் கட்டமைப்பு மாநாடு 2024-ல் ஹைதராபாதில்தான் நடந்தது.

கைடைச் சந்திக்கும் முன் அவருடைய கடைசி ஐந்து கட்டுரைகளைப் படியுங்கள். கட்டமைப்பு என்று சொல்லிவிட்டு வேறு ஏதோ ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கிறாரா என்று தெரிந்துவிடும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா தளத்தில் அவர் வழிகாட்டிய ஆய்வேடுகள் இருந்தால் ஒன்றையாவது முழுதாகப் புரட்டுங்கள். உதவிப் பேராசிரியர் ஒரே நேரத்தில் நான்கு பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், பேராசிரியர் எட்டுப் பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த 2022 விதி சொல்கிறது. காலி இடம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், தவறில்லை. அப்புறம் அவருடைய இப்போதைய மாணவர் ஒருவரைத் தனியாகப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணா, கடைசியாக சார் உங்கள் வரைவைப் படித்துத் திருத்திக் கொடுத்தது எப்போது?" பதில் வர நேரமானால் வேறு இடம் பாருங்கள்.

மின்னஞ்சலில் "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான வழிகாட்டுதலில்" என்று நீட்ட வேண்டாம். அவர் கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் பராமரித்த சிஸ்டத்தில் அதை எங்கே பார்த்தீர்கள், எந்தத் தேர்வில் என்ன மதிப்பெண். பத்து வரி போதும்.

ஆறாவது படி: பிஎச்.டி. வருடங்கள்

முதல் வருடம் கோர்ஸ் வொர்க்கிலும் தலைப்பைச் சுருக்குவதிலும் போகும். நான் முதலில் எடுத்த தலைப்பு "பெரிய சிஸ்டங்களின் தரத்தை மேம்படுத்துதல்". டாக்டோரல் கமிட்டியில் ஒரு மேடம், "எந்த சிஸ்டம், எந்தத் தரம், யாருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதம் வீணாகவில்லை.

கட்டமைப்பு ஆய்வை நடத்த நான்கைந்து வழிகள் உண்டு. திறந்த மூல நிரல்களின் மாற்ற வரலாற்றைத் தோண்டுவது, சோதனை நடத்துவது, கருவி எழுதிப் பார்ப்பது, நிறுவனத்துக்குள் உட்கார்ந்து ஒரு சிஸ்டத்தை ஆழமாகப் பின்தொடர்வது, பொறியாளர்களிடம் நேர்காணல் எடுப்பது. கடைசி இரண்டையும் பலர் தவிர்க்கிறார்கள். எனக்கு அவைதான் அதிகம் தந்தன. எழுதி வைக்கப்படாத காரணங்கள் மனிதர்களின் நினைவில் இருக்கின்றன. சின்ன கம்பெனிகளில் நேரில் போய் உட்கார்ந்தால் பேசுவார்கள். எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பெயரை மறைப்பதாக உறுதி கொடுங்கள், முடிவுகளை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் குறை சொல்வதாக நினைப்பார்கள். "அன்றைக்கு வேறு என்ன வழி யோசித்தீர்கள்?" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

கட்டுரையை எங்கே அனுப்புவது என்பதில் கவனம் வேண்டும். முன்பு சொன்ன பன்னாட்டுக் கட்டமைப்பு மாநாடான ஐ.சி.எஸ்.ஏ., ஐரோப்பிய மாநாடான ஈ.சி.எஸ்.ஏ. இரண்டும் இத்துறையின் மாநாடுகள். ஐ.சி.எஸ்.இ. மென்பொருள் பொறியியல் முழுவதற்குமான பெரிய மாநாடு. 2008 முதல் நடந்துவரும் இந்திய மென்பொருள் பொறியியல் மாநாடு புதியவர்களுக்கு நல்ல இடம். அங்கே கிடைக்கும் ரிவியூக்கள் அடுத்த வரைவுக்கு உதவும். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடாதீர்கள். என் முதல் கட்டுரையை அப்படி ஒரு இதழில் போட்டேன். யாரும் படித்துத் திருத்தவில்லை; அந்தத் தரவை வேறு நல்ல இடத்துக்கும் அனுப்ப முடியாமல் போனது. ஒரு வருட நேர்காணல் உழைப்பு அது. இன்னும் வலிக்கிறது. தரமான இதழ்கள் எவை என்று சொல்லிவந்த யு.ஜி.சி.யின் கேர் பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டுவிட்டதால், நல்ல இதழ் எது என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் மதிக்கும் கட்டுரைகள் எங்கே வந்திருக்கின்றன என்று பாருங்கள், அங்கே அனுப்புங்கள்.

ஏழாவது படி: வேலை

பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.இ. முதல் வகுப்பு போதும் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி. இணைப் பேராசிரியர் பதவிக்கு பிஎச்.டி. கட்டாயம். ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும். அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்தே வருடங்கள் போகலாம். தனியார் கல்லூரிகளில் இந்த ஊதியம் பல இடங்களில் கிடைப்பதில்லை, சேர்க்கை வேலை, அங்கீகார ஆவண வேலை எல்லாம் உங்கள் தலையில் விழும். சேரும் முன் வாரத்துக்கு எத்தனை வகுப்பு, ஆய்வுக்கு எந்த நாள் என்று பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் திட்ட நிதிக்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள்; முதல் முறை கிடைக்காவிட்டாலும், இரண்டாவது முறை எழுதும்போது விண்ணப்பம் நன்றாக வரும்.

நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். சிஸ்டத்தைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் பற்றி ஐம்பது ஸ்லைடு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் பராமரித்த சிஸ்டத்தில் நீங்களே எடுத்து, பின்னால் மாற்ற வேண்டி வந்த ஒரு முடிவைப் பலகையில் வரைந்து, அன்றைக்கு ஏன் அது சரியாகத் தெரிந்தது என்று சொல்லுங்கள். இருபது நிமிடத்துக்கு அது தாராளம். குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், கேட்பார்கள்.